கண்மாய்க் கரையில் எட்டாவது யூனிட்

இளங்கலைப் பட்டம் படிக்கிறவர்கள், பி.காம். ஆனாலும் பி.ஏ. ஆனாலும், சுற்றுச்சூழல் கல்வி என்று ஒரு தாளை எழுதித் தேறியாக வேண்டும். எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991-ல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவிலிருந்து தொடங்குகிறது இந்தக் கட்டாயம். பிறகு பல்கலைக்கழக மானியக் குழு எல்லாத் துறைகளுக்கும் பொதுவாக ஒரு பாடத்திட்டம் வகுத்துத் தந்தது. எட்டு யூனிட், 50 வகுப்புகள். இயற்கை வளம், பல்லுயிர் வளம், மாசு, சட்டங்கள், மக்கள்தொகை என்று ஏழு யூனிட்டுகள் வகுப்பறைக்குள்ளேயே ஓடி முடிந்துவிடும். எட்டாவது யூனிட் களப்பணி. அதற்கு 5 வகுப்புகள். உள்ளூரில் இருக்கும் ஆற்றுக்கோ காட்டுக்கோ மலைக்கோ போய் அங்கே என்னென்ன இருக்கிறது என்று ஆவணப்படுத்த வேண்டும். மாசுபட்ட ஓர் இடத்தையும் நேரில் பார்க்க வேண்டும். அடிக்கடி கண்ணில் படும் செடி, பூச்சி, பறவைகளை அடையாளம் காணப் பழக வேண்டும். குளத்தையும் மலைச்சரிவையும் கவனித்து எழுத வேண்டும்.

தேர்வில் கேள்வி வராத பகுதி என்பதால், ரெக்கார்டு நோட்டில் ஒட்டிய சில படங்களோடு இந்த யூனிட் பெரும்பாலும் முடிந்துபோகிறது. நான் மதுரையில் வரலாறு படிக்கிறேன். விலங்கியல் படிக்கும் தோழி ஒருத்தி, பொருளாதாரம் படிக்கும் இன்னொருத்தி, பக்கத்து வீட்டுப் பிளஸ் டூ தம்பி ஒருவன் என்று சிறு கூட்டமாகச் சேர்ந்து, அந்த யூனிட்டைச் சொன்னபடி செய்துபார்ப்பது என்று கிளம்பினோம். கொடைக்கானல் வேண்டாம், மேகமலை வேண்டாம் என்பது முதலிலேயே முடிவாகிவிட்டது. டவுன் பஸ் போகிற தூரம்தான் எங்கள் எல்லை. 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால், கையில் காசில்லாத மாணவிகளுக்கு மதுரையைச் சுற்றியிருக்கும் மலைகளும் கண்மாய்களும் உண்மையாகவே திறந்துகிடக்கின்றன. இந்தத் திட்டத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் வேலைக்குப் போகும் பெண்களைச் சொல்வார்கள். மலை பார்க்கப் போகும் பெண்களையும் அந்தக் கணக்கில் சேர்க்கலாம்.

அந்த நடைகளில் எனக்குள் உறுதிப்பட்ட ஓர் எண்ணத்தைச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன். ஓர் இடத்தைப் பார்த்து மனம் நிறைவது நல்லதுதான். ஆனால் அங்கே என்ன இருக்கிறது என்று தேதி போட்டு எழுதிவைக்கும்போதுதான் அந்த இடத்தின் மேல் நமக்கு ஒரு கடமை தொடங்குகிறது. எழுதப்படாத இடத்தை, தூரத்தில் உட்கார்ந்து வரைபடம் பார்க்கிறவர்கள் காலியிடமாகவே பார்க்கிறார்கள்.

முதலில் போனது வண்டியூர் கண்மாய்க்கு. நகரத்துக்குள் மிஞ்சியிருக்கும் பெரிய நீர்நிலை அது. கரையை அழகுபடுத்தும் வேலைகள் நடந்திருக்கின்றன, காலையிலும் மாலையிலும் நடைப்பயிற்சிக்குக் கூட்டம் வருகிறது. கண்மாய்க்குள் பார்த்தால் ஆகாயத்தாமரை. அதன் மேலேயே காலை அகலவைத்து நடந்துபோகிறது நீலத்தாழைக்கோழி. இலை விலகிய இடத்தில் நாமக்கோழிகள். முக்குளிப்பான் ஒன்று மூழ்கி, நாம் எதிர்பார்க்காத பக்கத்தில் தலையைத் தூக்கும். மடையான் கரையோரம் அசையாமல் நிற்கிறது. நத்தைகுத்தி நாரை அலகைச் சேற்றுக்குள் விட்டுத் துழாவுகிறது. ஆகாயத்தாமரை இவ்வளவு செழிக்கக் காரணம் உள்ளே வந்து கலக்கும் சாக்கடை. பாடத்திட்டம் இயற்கை வளம் உள்ள இடம் ஒன்று, மாசுபட்ட இடம் ஒன்று என்று இரண்டாகப் பிரித்திருந்தது. எங்களுக்கு இரண்டும் ஒரே கரையில் கிடைத்துவிட்டன.

ஒரு கண்மாயைத் தனியாகப் பார்த்தால் எதுவும் விளங்காது. மழைத்தண்ணீர் வரத்துக்கால் வழியே கண்மாய்க்குள் வர வேண்டும், மடை வழியே வயலுக்குப் போக வேண்டும். பெருகினால் கலுங்கு தாண்டி, மறுகால் பாய்ந்து, அடுத்த ஊர்க் கண்மாய்க்குப் போக வேண்டும். சாத்தையாறு அணைப் பக்கமிருந்து வரும் தண்ணீர் வழியிலுள்ள கண்மாய்களை நிறைத்துக்கொண்டு வண்டியூருக்கு வந்து, மிச்சம் வைகையில் சேரும் ஏற்பாடு அப்படி அமைந்ததுதான். மேட்டிலிருக்கும் ஊர் வாய்க்காலை அடைத்தால் பள்ளத்து ஊர் காயும். பள்ளத்தில் இருக்கிறவர்கள் மறுகாலை மறித்தால் மேட்டு ஊர் முங்கும். கரைக்குக் காவல், மடைக்கு ஆள், ஊர் கூடிச் செய்யும் குடிமராமத்து என்று முன்பு இருந்த ஏற்பாடுகளுக்கெல்லாம் அடிப்படை, இந்தத் தண்ணீரால் ஊர்கள் ஒன்றோடொன்று கட்டுண்டு கிடந்ததுதான்.

நகரத்துக்குள் அந்தக் கட்டு அவிழ்ந்துபோனதை வாய்க்காலைப் பிடித்துக்கொண்டே நடந்தபோது பார்த்தோம். மண்வாய்க்கால் சிமெண்ட் கால்வாயாகிறது. பிறகு மூடிபோட்ட சாக்கடையாகிறது. பிறகு ஒரு வீட்டுச் சுவருக்குள் போய் மறைகிறது. பழைய ஆயக்கட்டுக்காரர் ஒருவரைக் கரையோரத்தில் பார்த்து, மடை எங்கே இருந்தது என்று கேட்டோம். "அந்தா தெரியுதுல்ல தாயி, மெடிக்கல் ஸ்டோர், அதுக்குக் கீழதான். எங்க வயக்காட்டுக்கு அதுலதான் தண்ணி வரும். இப்ப வயக்காடே தெருவாப் போச்சே" என்றார். அவர் வருத்தமாகக்கூடச் சொல்லவில்லை. வழி கேட்டவர்களுக்கு வழி சொல்லும் குரலில்தான் சொன்னார். அவர் கைகாட்டிய இடத்தைப் படம் எடுத்து, அவர் சொன்னதைக் கீழே எழுதி, தேதி போட்டேன். அந்த மடையைப் பற்றி எங்கள் கையில் இருக்கும் பதிவு அது ஒன்றுதான்.

2024 அக்டோபர் 25 அன்று மதுரையில் கொட்டிய மழையில் செல்லூர்ப் பகுதி வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. செல்லூர்க் கண்மாயின் மறுகால் வைகைக்குப் போய்ச் சேர இருக்கும் வழி பந்தல்குடி வாய்க்கால். பெய்த மழைக்கு அந்த வழி போதவில்லை. டி.வி.யில் அன்றைக்கு எல்லோரும் மழையின் அளவைப் பேசினார்கள். தண்ணீர் போகும் பாதையை நடந்து பார்த்தவர்கள் பேசினால் பேச்சு வேறாக இருந்திருக்கும். எந்த இடத்தில் வாய்க்கால் குறுகுகிறது, எந்தப் பாலத்தின் கண்ணில் குப்பை அடைக்கிறது, எந்தத் திருப்பத்தில் தண்ணீர் முதலில் தெருவுக்கு ஏறுகிறது என்று அங்கே குடியிருக்கும் அக்காமார்களுக்குத் தெரியும். அது எந்த நோட்டிலும் இல்லை.

நீர்நிலைகளைக் காக்கச் சட்டம் இல்லாமல் இல்லை. ஏரி, கண்மாய்களில் உள்ள ஆக்கிரமிப்புகளை அகற்றத் தமிழ்நாடு 2007-ல் தனிச் சட்டமே இயற்றியது. ஆனால் அந்தச் சட்டம் நடைமுறைக்கு வர முதலில் எல்லை தெரிய வேண்டும். சர்வே எண், கிராம வரைபடம், 'அ' பதிவேடு, அதில் 'நீர்நிலைப் புறம்போக்கு' என்ற ஒரு வரி. ஒரு கண்மாயின் தலையெழுத்து அந்த வரியில் இருக்கிறது. ஒரு கல்வெட்டைப் படிக்கிற அக்கறையோடு 'அ' பதிவேட்டைப் படிக்க எங்கள் துறையில் சொல்லித்தர வேண்டும் என்று நினைக்கிறேன்.

மலைகளும் எழுத்துகளும்

மதுரையில் இப்படி நடந்துபோய்ப் பார்க்கும் பழக்கத்தைப் பலருக்கும் உண்டாக்கியது பசுமை நடை. 2010-ல் யானைமலையைக் குடைந்து சிற்ப நகரம் அமைக்கும் யோசனை வந்தபோது, அடிவாரத்து ஒத்தக்கடை மக்கள் எதிர்த்து நின்றார்கள், திட்டம் கைவிடப்பட்டது. அந்த நாட்களின் தொடர்ச்சியாக எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணன் தொடங்கிய இயக்கம் அது. ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் குழந்தைகளும் பெரியவர்களுமாக ஒரு மலைக்குப் போவார்கள். தொல்லியல் அறிஞர் சொ. சாந்தலிங்கம் போன்றவர்கள் பாறையில் இருக்கும் எழுத்தை வாசித்து விளக்குவார்கள். ஒரு மலையைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அதைத் தெரிந்த ஆயிரம் பேர் வேண்டும் என்று அவர்கள் கண்டுகொண்டது, பத்து வருடங்களுக்கு மேல் கழித்து அரிட்டாபட்டியில் உதவியது என்பது என் எண்ணம்.

அரிட்டாபட்டி மேலூர் வட்டத்தில், மதுரையிலிருந்து ஏறக்குறைய 25 கி.மீ. மேலூர் வரை பேருந்தில் போய், அங்கிருந்து இன்னொரு பேருந்து. ஊரைச் சுற்றி ஏழு பாறைக்குன்றுகள். குன்றுகளில் பெய்கிற மழை பாறைச் சரிவில் வழிந்து, சுனைகளில் தங்கி, மிச்சம் கண்மாய்களுக்கு இறங்குகிறது. 200 சுனைகள், 72 நீர்நிலைகள், 3 தடுப்பணைகள் என்று அரசின் அறிவிக்கை கணக்குச் சொல்கிறது. அவற்றில் ஆனைகொண்டான் கண்மாய் 16-ம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் வெட்டப்பட்டது என்றும் அது சொல்கிறது. மொட்டைப் பாறை, எதற்கும் உதவாத கல் என்று பஸ்ஸில் போகிறவர்கள் நினைக்கிற குன்றுகள்தாம் அந்த ஊர் வயல்களுக்கெல்லாம் நீர்ப்பிடிப்பு. பாறையில் ஒரு சொட்டுக்கூட ஊறாமல் ஓடிவருவதால் சிறு மழைக்கும் தண்ணீர் வந்துவிடும் என்று அங்கே ஓர் அப்பத்தா விளக்கியது எந்தப் பாடப்புத்தகத்தையும்விடத் தெளிவாக இருந்தது.

கழிஞ்சமலையில் சமண முனிவர்கள் தங்கிய குகைத்தளம் இருக்கிறது. அதன் மேலே, மழைத்தண்ணீர் உள்ளே வராதபடி வெட்டிய புருவத்தின் பக்கத்தில், தமிழி எழுத்துகள். நெல்வேலியைச் சேர்ந்த சிழிவன் அதினன் வெளியன் என்பவர் இந்தக் குகையைச் செய்து கொடுத்தார் என்பது அதன் செய்தி. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகிறது. இன்னொரு பக்கம் இலகுலீசர் சிற்பத்தோடு சிவன் குடைவரை. பக்கத்து மீனாட்சிபுரத்து மலையில்தான் புகழ்பெற்ற மாங்குளம் கல்வெட்டுகள். 1882-ல் ராபர்ட் சூவெல் கண்டறிந்தவை, நெடுஞ்செழியன் என்ற பாண்டியன் பெயர் வருபவை. வெள்ளறை என்ற ஊரின் வணிகர் குழுவும் அவற்றில் பதிவாகியிருக்கிறது. யார் கொடுத்தார், எந்த ஊர், யாருக்காக என்று இவ்வளவையும் கல்லில் எழுதிவைத்தார்களே என்று நான் வியந்து நின்றேன். என் தோழி அதே நேரத்தில் பைனாகுலரை மேலே திருப்பி, பாறை விளிம்பில் உட்கார்ந்திருந்த ஒரு வல்லூறைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது எந்த வல்லூறு என்று அவளால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அதனால் நோட்டில் 'வல்லூறு, இனம் தெரியவில்லை' என்றுதான் எழுதினாள். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரிட்டாபட்டி அறிவிக்கப்பட்டது. அரிட்டாபட்டியிலும் மீனாட்சிபுரத்திலும் சேர்த்து 193.215 ஹெக்டேர். உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம், 2002 அதற்கு இடம் தருகிறது. ஏறக்குறைய 250 வகைப் பறவைகள், அவற்றில் லகர் வல்லூறு, ஷாகின் வல்லூறு, போனெல்லிக் கழுகு என்ற மூன்று முக்கியமான வேட்டைப் பறவைகள், எறும்புத்தின்னி, தேவாங்கு, மலைப்பாம்பு, கல்வெட்டுகள், குடைவரை, கண்மாய்கள் என்று எல்லாம் ஒரே ஆவணத்துக்குள் வந்தன. அதற்கு முன்பே பல ஆண்டுகளாகப் பறவை பார்த்தவர்களும் கல்வெட்டு படித்தவர்களும், கிரானைட் குவாரி தங்கள் மலைக்கு வரக் கூடாது என்று நின்ற ஊர்க்காரர்களும் சேர்த்துவைத்தது அந்தப் பட்டியல்.

இரண்டே வருடத்தில் அதற்குச் சோதனை வந்தது. 2024 நவம்பரில், நாயக்கர்பட்டி டங்ஸ்டன் தொகுதி என்ற பெயரில் 2,015.51 ஹெக்டேரில் சுரங்கம் அமைக்கும் ஏலத்தில் ஹிந்துஸ்தான் ஜிங்க் நிறுவனம் தேர்வானதாக ஒன்றியச் சுரங்க அமைச்சகம் அறிவித்தது. அரிட்டாபட்டியும் அந்தப் பரப்புக்குள் வருகிறது. மேலூர் வட்டாரம் கொந்தளித்தது. டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. டிசம்பர் 24 அன்று, பல்லுயிர்ப் பாரம்பரியத் தலத்தை விலக்கிவிட்டுத் தொகுதியின் எல்லையை மாற்றி வரைய முடியுமா என்று ஆராயுமாறு இந்தியப் புவியியல் ஆய்வு நிறுவனத்தை அமைச்சகம் கேட்டுக்கொண்டது.

இந்தக் கடைசி வரியில்தான் என் மனம் நின்றுவிட்டது. எழுத்தில் இருந்த 193 ஹெக்டேர் கண்ணுக்குத் தெரிந்தது. அதை மீறிப் போவது கடினம் என்று டெல்லிக்கும் புரிந்தது. மீதி 1,800-க்கும் மேற்பட்ட ஹெக்டேரைப் பேச்சில் வைக்கலாம் என்றாகியது. அந்த மீதியில் என்ன இருக்கிறது? பெரியாற்றுத் தண்ணீரில் ஒருபோகம் விளையும் வயல்கள் இருக்கின்றன. கண்மாய்கள், கோயில்கள், ஆடு மேயும் கரடுகள் இருக்கின்றன. தலம் என்று அறிவித்த கோட்டைத் தாண்டியதும் வல்லூறு பறப்பதை நிறுத்திவிடுவதில்லை. வயலில் இரை பிடித்துத்தான் அது குன்றில் குஞ்சுக்கு ஊட்டுகிறது. பதிவு காப்பாற்றும். ஆனால் எந்த அளவுக்குப் பதிவு செய்தோமோ அந்த அளவுக்குத்தான் காப்பாற்றும்.

மீதியைக் காப்பாற்றியது மக்கள். 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் வரை ஆயிரக்கணக்கானவர்கள் நடந்தே வந்தார்கள். வயதான பெண்கள் வெயிலில் வந்ததை டி.வி.யில் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். எல்லையை மாற்றுவதெல்லாம் வேண்டாம், ஏலமே வேண்டாம் என்பதில் அவர்கள் அசையவில்லை. ஜனவரி 23 அன்று ஏலம் ரத்து செய்யப்பட்டது. ஒரு கிராமத்தின் மலை என்று தொடங்கியதை, ஒரு வட்டாரத்தின் தண்ணீர் என்று அவர்கள் ஆக்கினார்கள். என் தலைமுறைக்குக் கண்ணெதிரே கிடைத்த பெரிய பாடம் அது. அதை எட்டாவது யூனிட்டில் சேர்க்க வேண்டும்.

எழுதாமலே காத்தவர்கள்

என் எண்ணத்துக்கு எதிராக ஓர் இடம் இருப்பதையும் சொல்ல வேண்டும். மதுரைக்குக் கிழக்கே இடையபட்டியில் வெள்ளிமலை கோயில்காடு. உசிலை மரங்கள் நிறைந்த காடு. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஊர்க்காரர்கள் அங்கே ஒரு சுள்ளியைக்கூட ஒடிப்பதில்லை. விழுந்த மரம் விழுந்த இடத்திலேயே மக்கும். மார்கழிக் காலையில் உள்ளே போனால் ஆறுமணிக்குருவியின் இரட்டைச் சீழ்க்கை கேட்கும். வலசை வந்து தங்கிப்போகும் அந்தக் குருவிக்கு உதிர்ந்த இலைமெத்தை வேண்டும், கிளறிப் பூச்சி பிடிக்க. குப்பை என்று கூட்டிப் பெருக்காத காடு என்பதால்தான் அதற்கு இங்கே சாப்பாடு.

இங்கே எந்தப் பட்டியலும் காட்டைக் காக்கவில்லை. சாமிக்குப் பயந்து, ஊருக்குக் கட்டுப்பட்டுக் காத்தார்கள். அப்படியானால் நோட்டும் பேனாவும் எதற்கு என்று தம்பி கேட்டான். நானும் வெகுநேரம் யோசித்தேன். அந்த வழக்கத்தை நான் மதிக்கிறேன், என் படிப்பைவிட அது பழையது. ஆனால் அது ஊருக்குள் இருப்பவரைக் கட்டுப்படுத்தும். ஊருக்கு வெளியே இருந்து ஒரு ஃபைலில் எல்லை வரைகிறவருக்கு அந்தக் காட்டுச் சாமி வெள்ளிமலையாண்டி யார் என்று தெரியாது. ஊரில் பிறந்து வெளியூரில் வேலைக்குப் போன பிள்ளைகளிடமும் அந்தப் பயம் எவ்வளவு நாள் இருக்கும் என்று சொல்ல முடியாது. அழகர்மலைக்கு அந்தப் பக்கம் திண்டுக்கல் மாவட்டத்தில் காசம்பட்டி வீரகோயில் காடு 2025-ல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. 4.97 ஹெக்டேர்தான். வழக்கம் காத்ததற்கு இப்போது காகிதமும் துணை நிற்கிறது. இரண்டும் வேண்டும். வழக்கம் இல்லாத காகிதம் எவ்வளவு மெலிந்தது என்பதையும் பார்த்துவிட்டோம்.

ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், அது மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு தயாரிக்க வேண்டும் என்பது 2002 சட்டத்தின் ஏற்பாடு. பல ஆண்டுகள் நாடு முழுவதும் சில ஆயிரம் பதிவேடுகளைத் தாண்டவில்லை. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2020 ஜனவரி 31 என்று கெடு வைத்த பிறகு எண்ணிக்கை இரண்டரை லட்சத்துக்கு மேல் போனது. அவ்வளவு வேகத்தில் தயாரான ஒரு பதிவேட்டில், அந்த ஊர் ஆடு மேய்ப்பவரை உட்காரவைத்துக் கேட்டு எழுதியிருப்பார்களா? அந்தப் படிவம் உண்மையில் அழகானது. ஊரில் விளையும் நெல் ரகம், தீவனப் புல், மீன், மருந்துச் செடி, கால்நடை இனம், யாருக்கு என்ன தெரியும் என்பதுவரை கேட்கிறது. மெனக்கெட்டு நிரப்பினால் ஒரு கிராமத்தின் வாழ்க்கை வரலாறு.

எங்கள் நோட்டு அந்த அளவுக்கு வரவில்லை. தேதி, நேரம், இடம், தண்ணீர் எந்தக் கல் வரை நிற்கிறது, என்ன பறவை, எத்தனை, வேறு என்ன மாற்றம் என்று எழுதுகிறோம். பறவைகளை மட்டும் இ-பேர்ட் செயலியிலும் ஏற்றுகிறோம். ஒவ்வோர் ஆண்டும் பொங்கல் விடுமுறையில் பறவை ஆர்வலர்கள் நடத்தும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்குச் சாமநத்தம் கண்மாயைத் தேர்ந்தெடுத்தோம். அந்தக் கண்மாயிலும் நகரத்தின் கழிவுநீர் சேர்கிறது. இருந்தும் நீலச்சிறகிகளும் ஊசிவால் வாத்துகளும் குளிர்காலத்தில் அங்கே இறங்குகின்றன. எண்ணும்போது கூட்டம் எழும்பிவிட்டால் பெருமூச்சு விட்டுவிட்டு முதலிலிருந்து எண்ண வேண்டும். அப்படி எண்ணிப் பழகியபின் "இந்த வருசம் வாத்து கம்மி" என்று யாராவது சொன்னால், எதோடு ஒப்பிட்டுச் சொல்கிறீர்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

எழுதிவைப்பதிலும் எல்லை உண்டு. கூடு வைத்திருக்கும் வேட்டைப் பறவையின் பாறை எது, தேவாங்கு தெரிந்த மரம் எது என்பதை எங்கும் வெளியிடுவதில்லை. நட்சத்திர ஆமை கண்ணில் பட்டால் படம்கூடப் போடுவதில்லை. பிடித்து விற்கிறவர்களும், குரலைப் பதிவுசெய்து ஒலிக்கவிட்டுக் குருவியை வெளியே இழுத்துப் படம் எடுக்கிறவர்களும் அதே படங்களைப் பார்க்கிறார்கள். அழகர்கோயில் சாலையில் காரை நிறுத்திக் குரங்குகளுக்கு சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்துப் போடுகிறவர்களிடம் பேசிப் பார்த்திருக்கிறோம். புண்ணியம் என்று நினைத்துத்தான் செய்கிறார்கள். சாலையோரத்தில் தின்னப் பழகிய குரங்கு அடுத்த வண்டிக்கு அடியில் போய்விடும் என்று சொன்னால் பாதிப் பேர் கேட்டுக்கொள்கிறார்கள். அரிட்டாபட்டி பேர் வாங்கிய பிறகு அங்கே வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். சுனையோரம் பிளாஸ்டிக் தட்டும் தண்ணீர் பாட்டிலும் கிடக்கின்றன. ஊர்க்காரர்கள் மலைக்காக வெயிலில் நடந்தார்கள். அந்த மலையைப் பார்க்கப் போகிறவர்கள் தாங்கள் கொண்டுபோனதைத் திருப்பிக் கொண்டுவருவதாவது செய்ய வேண்டும். இதில் நான் யாரிடமும் மென்மையாகப் பேசத் தயாரில்லை.

மேலூர்ப் பக்கம் கண்மாய் வற்றும் காலத்தில் மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசிக் காட்டும்வரை ஆயிரம் பேர் ஊத்தாவும் கச்சாவும் வலையுமாகக் கரையில் காத்திருப்பார்கள். யாரும் முன்கூட்டி இறங்க மாட்டார்கள். பிடித்த மீனை விற்க மாட்டார்கள், வீட்டில் குழம்பு வைப்பார்கள். விரால், கெளுத்தி, குரவை, கெண்டை, அயிரை என்று கூடைக்குக் கூடை பார்த்துக் கேட்டு எழுதிக்கொண்டே வந்தோம். ஒரு பெரியம்மா எங்கள் நோட்டை எட்டிப் பார்த்துவிட்டு, "இம்புட்டுத்தானா? நான் சின்னப் புள்ளையா இருக்கையில இதுக்கு மேல இருந்துச்சே" என்று, எங்களுக்குத் தெரியாத பெயர்களைச் சொல்லிக்கொண்டே போனார். அவற்றையும் எழுதியிருக்கிறோம், தனிப் பக்கத்தில், 'முன்பு இருந்தவை' என்று தலைப்பிட்டு. அவற்றில் சிலவற்றுக்கு விலங்கியல் தோழி புத்தகத்தில் பெயர் தேடிக்கொண்டிருக்கிறாள்.

பதிவேட்டுப் படிவத்தில் எங்களால் நிரப்ப முடியாத பக்கங்கள் இன்னும் நிறைய. நெல் ரகம் என்ற இடத்தில் இப்போது போடுவது மட்டும்தான் இருக்கிறது. தீவனப் புல்லில் கோரையும் அறுகும் தவிர எதுவும் தெரியவில்லை. கண்மாய்க்குள் நிற்கும் மரங்களில் எது நாட்டுக் கருவேலம், எது சீமைக் கருவேலம் என்று பிரித்துக் குறிக்கும் வேலை பாதியில் நிற்கிறது. பறவைகள் கூடு கட்டும் காலம் முடிந்த பிறகுதான் உள்ளே இறங்க வேண்டும். வரத்துக்காலின் சர்வே எண்ணுக்கும் கிராம வரைபடத்துக்கும் தாலுகா அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்திருக்கிறோம். செமஸ்டர் முடிந்ததும் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு மறுகாலின் மீதித் தூரத்தை நடந்து குறிக்க வேண்டும். பொருளாதாரம் படிக்கிறவள் நெல் ரகப் பக்கத்தை எடுத்துக்கொண்டிருக்கிறாள். அவளுடைய அம்மாச்சி ஊர் மேலூருக்குப் பக்கம்தான்.